கிச்சன் எல்இடி வயர்: சுவரில் புதைப்பதா, கப்போர்டுக்குள் ஓட்டுவதா?

அக்கா வீடு காசிமேட்டில், கடற்காற்று நேராக வந்து மோதும் இடம். மேல் கப்போர்டுக்கு அடியில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினார்கள். வயர் துளியும் தெரியக்கூடாது என்று சுவரை வெட்டி, பைப் வைத்துப் பூசி, மேலே டைல்ஸும் போட்டாகிவிட்டது. அவ்வளவு அழகு. இரண்டாவது மழைக்காலத்தில் பாதி லைட் எரியவில்லை. சுவருக்குள் விட்டிருந்த ஜாயின்ட்டில் செம்பு பச்சை பூத்திருந்தது. டைல்ஸை உடைத்துத்தான் அதைப் பார்க்கவே முடிந்தது.

அதனால் தண்டையார்பேட்டையில் எங்கள் கிச்சனுக்கு லைட் போடும்போது ஒவ்வொரு வழியையும் நின்று யோசித்தேன்.

சுவரில் புதைப்பது, கிச்சனை மொத்தமாக இடித்துக் கட்டுகிறவர்களுக்குச் சரி. அப்போதும் 230 வோல்ட் லைனை மட்டும் பைப்பில் கொண்டுவந்து ஒரு பாயின்ட்டில் நிறுத்துங்கள். நடுவில் ஜாயின்ட் வேண்டாம். ராயபுரம் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் கட்டிங் மெஷின் வைத்தால் பூச்சு பாளம் பாளமாக வரும். சில இடங்களில் அது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்த சுவர்.

சுவர் மேலேயே வயரை மூடி ஓட்டும் பிவிசி கேசிங் பட்டி செலவு குறைவு. வாடகை வீட்டுக்குப் போதும். ஆனால் அடுப்புப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மஞ்சளாகிவிடும். ஒட்டும் டேப்பை நம்பாமல் ஸ்க்ரூ அடியுங்கள், ஆவியில் டேப் விட்டுவிடும்.

சார்ஜ் லைட்டுக்கு வயரே கிடையாது. அரிசி டப்பா இருக்கும் தட்டுக்கு நல்லது. தினமும் மணிக்கணக்கில் சமைக்கிற மேடைக்கு அடிக்கடி கழற்றிச் சார்ஜ் போட வேண்டிவரும்.

நான் செய்தது கப்போர்டுக்குள்ளேயே ஓட்டும் வழி. கப்போர்டின் அடிப்பலகையில், பின் மூலையில் 8 மி.மீ. துளை. பலகை ஓரம் வயரை அறுக்காமல் இருக்க அதில் ஒரு ரப்பர் புஷ். வயர் உள் மூலை வழியாக ஏறி லாஃப்டுக்குப் போகிறது. சிம்னி இருக்கும் இடைவெளியைக்கூட மேலே சுற்றித்தான் கடக்கிறது. சிம்னிக்குப் பின்னால் சூடும் பிசுக்கும் சேரும், அங்கே வயர் வேண்டாம்.

ஸ்ட்ரிப்பை அலுமினியம் புரொஃபைல் என்ற நீளமான சட்டத்துக்குள், பால் நிற மூடி போட்டு வைத்தேன். சூடு அலுமினியத்தில் இறங்கும். எங்கள் மேடை கருப்பு கிரானைட். மூடி இல்லாவிட்டால் ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியாக அதில் தெரியும். புரொஃபைலை முன் விளிம்புக்குப் பின்னால், சுவர் பக்கம் சாய்த்து வைத்தால் நிற்கிறவர் கண்ணில் படாது.

மீட்டருக்கு 9.6 வாட் ஸ்ட்ரிப் 3 மீட்டர் என்றால் சுமார் 29 வாட். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டிதான் டிரைவர்; 36 வாட் டிரைவர் தாங்கும். 12 வோல்ட்டில் அது இரண்டரை ஆம்பியருக்குப் பக்கம், மெல்லிய வயரில் தூரம் போனால் கடைசி லைட் மங்கும். அதனால் டிரைவர் ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்திலேயே, காற்றோட்டமான லாஃப்டில் இருக்கிறது. சிங்குக்கு அடியில் வைக்கவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று நமக்குத் தெரியும்.

கிளிப் கனெக்டர் வேண்டாம், உப்புக்காற்றில் பிடி விடும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுக மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். அந்த ஜாயின்ட்டும் கப்போர்டு கதவைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அக்கா வீட்டிலும் இப்போது இப்படித்தான் மாற்றியிருக்கிறோம். உடைத்த இடத்துக்கு அதே டைல்ஸ்தான் கிடைக்கவில்லை.