தனிக் கோப்பில் ஸ்டைல் ஷீட்டா, டேக்குக்குள்ளேயே ஸ்டைலா?

ஆம்பூரில் தோல் காலணி விற்கும் கடை ஒன்றுக்கு 60 பக்கங்களில் இணையதளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். விலையின் நிறத்தை ஒவ்வொரு டேக்குக்குள்ளும் (பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிக்கும் எச்டிஎம்எல் குறிக்குள்ளும்) எழுதியிருந்தால், சிவப்பு வேண்டாம், பழுப்பு போடுங்கள் என்று கடைக்காரர் சொல்லும் நாளில் 60 பக்கங்களையும் திறந்து திருத்த வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், ஸ்டைல் ஷீட் எனப்படும் தனிக் கோப்பில் எழுதியிருந்தாலோ ஒரு வரியை மாற்றினால் போதும். 1994இல் ஹோக்கன் வியூம் லீ முன்மொழிந்து, 1996 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த சிஎஸ்எஸ்ஸின் நோக்கமே உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிப்பதுதான்.

பிரவுசர் தனிக் கோப்பை ஒருமுறை இறக்கிச் சேமித்துக்கொள்வதால், குடியாத்தம் பேருந்தில் அமர்ந்து கைபேசியில் பக்கம் பக்கமாகப் பார்ப்பவருக்கு அது மீண்டும் இறங்க வேண்டியதில்லை. திரையின் அகலத்துக்கேற்ப அமைப்பை மாற்றும் மீடியா குவெரியை டேக்குக்குள் எழுதவே முடியாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆயினும் டேக்குக்குள் எழுதும் ஸ்டைலுக்குத்தான் முன்னுரிமை அதிகம். வெளிக் கோப்பில் எத்தனை முறை திருத்தியும் நிறம் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்தான்) முதலில் டேக்குக்குள் பார்ப்பது நல்லது. பொங்கல் தள்ளுபடியை மின்னஞ்சலில் அனுப்பும்போது மட்டும் நான் தயங்காமல் டேக்குக்குள்ளேயே எழுதுவேன். பல மின்னஞ்சல் செயலிகள் வெளியிலிருந்து இணைக்கப்படும் ஸ்டைல் ஷீட்டை ஏற்பதில்லை.