காலைக் காபியா, கச்சேரியா, கொலுவா? சென்னையின் வெளிநாட்டுப் பெண்கள் சங்கத்துக்கு ஏற்ற நிகழ்ச்சிகள்: ஓர் ஒப்பீடு

பணி நிமித்தம் சென்னைக்குக் குடிவரும் வெளிநாட்டுக் குடும்பத்தில், வேலைக்கு வந்தவருக்கு முதல் நாளே ஓர் அலுவலகமும் அதில் பேசப் பழக நாலு பேரும் கிடைத்துவிடுகிறார்கள். உடன் வந்த மனைவிக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வாடகை வீடும், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து திரும்பும் வரை நீளும் ஒரு பகலும்தான் மிச்சம். வேலை விசாவில் வருபவரைச் சார்ந்து வரும் துணைவருக்குத் தரப்படும் நுழைவு விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க வழியில்லை என்பதால், ஊரில் வேறெங்கும் படித்த படிப்புக்கும் செய்த உத்தியோகத்துக்கும் மதிப்பில்லாமல் போன ஒருத்திக்குப் பெண்கள் சங்கம் என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. அப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் நிகழ்ச்சிக் குழுவில், உள்ளூர்க்காரி என்ற முறையில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். பள்ளிகள் திறந்து புதியவர்கள் வந்திறங்கும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் எங்களுக்குள் எழும் வழக்கு ஒன்றுதான்: ஆண்டுக்குப் பத்து நிகழ்ச்சிகள் என்றால், அவற்றில் எதற்கு எவ்வளவு இடம்?

எல்லாச் சங்கங்களிலும் முதலிடம் பிடிப்பது நட்சத்திர விடுதியில் நடக்கும் காலைக் காபிச் சந்திப்பு. ஏற்பாடு செய்ய ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். கழிப்பறை, குளிர்சாதனம், வண்டி நிறுத்த இடம் என்று எதற்கும் கவலையில்லை. எந்த மருத்துவரிடம் போகலாம், வெளிநாட்டினர் பதிவை 14 நாளுக்குள் எப்படி முடிப்பது என்பன போன்ற அவசரக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும் என்பதால், வந்த முதல் இரண்டு மாதங்களுக்கு இதைவிட உதவியான நிகழ்ச்சி கிடையாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மேசையின் மொழி ஆங்கிலம். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளை ஒட்டி வந்த ஜப்பானிய, கொரியக் குடும்பத்துப் பெண்கள் பலர் முதல் சந்திப்பில் புன்னகைத்துவிட்டு, இரண்டாவது சந்திப்புக்கு வராமல் நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். தவிர, இரண்டு மணி நேரம் பேசிக் கலைந்த பிறகும் அவர்கள் சென்னையில் ஒருவரையும் சந்தித்திருப்பதில்லை, சந்தித்ததெல்லாம் ஒருவரையொருவர்தான்.

அடுத்து வருவது ஊர் சுற்றுதல். இதில் மயிலாப்பூர் நடையும் முட்டுக்காட்டின் தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் நிரந்தரப் போட்டியாளர்கள். மயிலாப்பூரில் உயிர் இருக்கிறது: தெப்பக்குளம், மாடவீதிகள், பூக்கட்டுபவர்கள், பாத்திரக்கடை, காபிக்கொட்டை வறுபடும் மணம். ஆனால் அது யாருக்காகவும் காத்திருக்கும் ஊரல்ல. ஒரு முறை இருபது பேரை அழைத்துக்கொண்டு, போக்குவரத்தில் சிக்கி, பன்னிரண்டுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கபாலீசுவரர் கோயில் வாசலை அடைந்தேன். நடை சாத்தும் நேரம் என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்; மாலை நான்கு வரை திறக்காது என்பதை மயிலாப்பூரில் வளர்ந்த நானே மறந்திருந்தேன். கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதவர்கள் போக முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசலில் நின்று விளக்கினால் அது விளக்கமாக இருக்காது, விலக்கமாகப் படும்.

தட்சிணசித்ராவில் இந்தச் சங்கடங்கள் இல்லை. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கும் அந்த வளாகத்தில் செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தையும் கேரளத்து மரவீட்டையும் ஒரே காலையில் நிதானமாகப் பார்க்கலாம். குயவர் சக்கரத்தில் தாங்களே கைவைத்துப் பழகலாம். 1996-இல் அதைத் திறந்து வைத்த மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷனை நிறுவிய டெபோரா தியாகராஜன், அமெரிக்காவில் பிறந்து இந்த ஊர்க்காரராகிவிட்டவர் என்று சொன்னதும், வந்திருந்த பெண்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்கக்கூடாது. புதியவர்களுக்குத் தட்சிணசித்ரா, ஓராண்டு இருந்தவர்களுக்கு மயிலாப்பூர் என்பது என் தீர்ப்பு. இரண்டுமே அக்டோபர் நடுவில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்போ, ஜனவரிக்குப் பின்போதான்.

கச்சேரியைப் பற்றி எழுதினால் என் சொந்தக்காரர்களே சண்டைக்கு வருவார்கள். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி இருக்கும் ஊரில், டிசம்பர் சீசனுக்கு வெளிநாட்டுப் பெண்களை அழைத்துப் போகாமல் இருப்பதா? இருக்கலாம் என்பேன். இரண்டரை மணி நேரக் கச்சேரி, கேட்டுப் பழகிய காதுக்கானது. எங்கே ஆலாபனை முடிகிறது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் எந்தக் கணக்கைப் பேசிக்கொள்கின்றன என்று தெரியாதவர், அரை மணியில் கைப்பேசியை எடுத்துவிடுவார். அதைப் பார்த்துப் பின்வரிசை மாமி முகம் சுளிப்பார். மேலும், சர்வதேசப் பள்ளிகளின் விடுமுறை காரணமாகச் சங்கத்தில் பாதிப் பேர் அந்த நாட்களில் தாய்நாட்டில் இருப்பார்கள். அப்படியும் போக வேண்டுமென்றால், காலை நேரச் செயல்முறை விளக்க நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுவிட்டு, சபா கேன்டீனில் வாழையிலைச் சாப்பாட்டுடன் முடித்துக்கொள்வது உத்தமம். கேன்டீன்தான் நிகழ்ச்சியின் வெற்றி என்று யாராவது சொன்னால், நான் மறுக்கப் போவதில்லை.

அறப்பணியில் எச்சரிக்கை தேவை. சந்தை நடத்தி, அதில் சேரும் பணத்தை ஒரு காப்பகத்துக்குக் கொடுப்பது இவ்வகைச் சங்கங்களின் பழைய வழக்கம். ஆனால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடிமகள் இந்தியாவுக்குள் இருந்துகொண்டு ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் அதைத் தொடவே கூடாது. இது தெரியாமல் நாங்கள் அனுப்பிய காசோலையை ஓர் இல்லம் வருத்தம் தெரிவித்துத் திருப்பி அனுப்பியது. நன்கொடைக்குப் பதிலாக, அத்தகைய நிறுவனங்கள் செய்து விற்கும் பொருளை உரிய விலைக்கு வாங்குவது சிக்கலற்ற வழி. 1917-இல் அடையாறில் மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட் போன்ற அயல்நாட்டுப் பெண்கள் உள்ளூர்ப் பெண்களுடன் சேர்ந்து இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கிய ஊர் இது. அவர்கள் செய்தது தானம் கொடுத்துவிட்டு நகர்ந்துபோகும் வேலையல்ல என்பதையும் குழுவில் சொல்லிப் பார்த்தேன். அன்று பேச்சு அதைத் தாண்டிப் போகவில்லை.

சமையல் வகுப்பு எளிதில் வெற்றி பெறும். மாவு அரைக்கவும் தோசை திருப்பவும் ஆங்கிலம் வேண்டாம். எட்டுப் பேருக்கு மேல் ஓர் அடுக்களை தாங்காது என்பது மட்டுமே அதன் எல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது நவராத்திரிக் கொலு அழைப்பு. காரணம், இது வெளிநாட்டவருக்காக யாரும் புதிதாகச் சோடிக்கும் நிகழ்ச்சி அல்ல. பெண்கள் பெண்களை வீட்டுக்கு அழைத்து, உட்காரவைத்து, பாடச் சொல்லி, சுண்டலும் தாம்பூலமும் கொடுத்தனுப்பும் வழக்கம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. சங்கம் செய்ய வேண்டியது அதற்குள் நுழைவதுதான். செலவு என்று பார்த்தால், கையில் கொண்டுபோகும் பழம் மட்டும்.

ஒரு புரட்டாசி மாலை, மந்தைவெளியில் ஒரு வீட்டுக்கு ஆறு பேரைக் கூட்டிப் போனேன். ஏழு படி, வெள்ளை வேட்டி விரிப்பு, மேல் படியில் பட்டுச் சுற்றிய மரப்பாச்சி ஜோடி. கூட்டத்தில் அதிகம் பேசாத ஜப்பானியப் பெண் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, வீட்டுக்கார மாமியிடம் நீட்டினார்: சிவப்புத் துணி விரித்த படிகள், உச்சியில் அரசனும் அரசியுமாக இரண்டு பொம்மைகள். மார்ச் 3-ஆம் தேதி ஜப்பானில் பெண்குழந்தைகளுக்காக அடுக்கும் ஹினா பொம்மைகள். நாள் கடந்தும் எடுத்துவைக்காவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அங்கே சொல்வார்களாம். “இங்கே விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சுடுவோம்மா” என்று சொல்லி மாமி தொன்னையில் இன்னொரு கரண்டி சுண்டல் போட்டார். நான் மொழிபெயர்த்தது மொத்தமே நான்கு வாக்கியம் இருக்கும். அடுத்த மார்ச்சில் மாமி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். சங்கம் அதை ஏற்பாடு செய்யவில்லை.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. குங்குமம் வைத்துக்கொள்வதும் வைக்காமலிருப்பதும் அவரவர் விருப்பம் என்பதை இரு தரப்புக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஆறு பேருக்கு மேல் போனால் அது அழைப்பாக இராது, பார்வையிடலாகிவிடும். ஆகவே நாற்பது உறுப்பினர் கொண்ட சங்கத்துக்கு ஏழு வீடாவது வேண்டும். அந்த ஏழு வீட்டாரையும் ஜூலையிலேயே கேட்டு வைக்க வேண்டும். அப்போது உறுப்பினர் அனைவரும் கோடை விடுமுறைக்குப் போயிருப்பார்கள் என்பதால், அந்த வேலை குழுவில் இருக்கும் உள்ளூர்க்காரியின் தலையில்தான் விழும்.