36,800 கிலோமீட்டர், ஒரு ஹைரைடர், ஒரு சக்கர நாற்காலி

வண்டி வந்த முதல் வாரம், கோவையில் கணபதியிலிருந்து காந்திபுரம் போகிற வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் அப்பா அதையே சொன்னார்: "வண்டி ஆஃப் ஆயிருச்சு கண்ணு." இல்லீங்கப்பா என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, மீட்டரில் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பெட்ரோல் எஞ்சின் மட்டும் ஓய்ந்திருந்தது. பச்சை விழுந்து சத்தமே இல்லாமல் வண்டி நகரவும் அப்பா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு 79 வயது. ரொம்ப வருஷம் டீசல் அம்பாசடர் ஓட்டியவர். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் விடுவார். "எறங்குற வண்டிக்கு எதுக்கு எண்ணெய்" என்பார். பின் சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வருவார். அது எத்தனை ஆபத்தான வேலை என்று எனக்கு வண்டி ஓட்டத் தெரிந்த பிறகுதான் புரிந்தது. ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். 22 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து நான் வாங்கிய டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி) நாள் முழுக்க அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

2023 ஆயுத பூஜை சமயத்தில் வண்டி கைக்கு வந்தது. இப்போது 36,800 கிலோமீட்டர். எனக்குக் குறிச்சி சிட்கோவில் லேத் பட்டறை; பம்ப் ஷாஃப்ட் கடைசல்தான் பிழைப்பு. தினமும் கணபதி, காந்திபுரம், உக்கடம், குறிச்சி என்று ஊரைக் குறுக்கே வெட்டிப் போய் வருகிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ஹைப்ரிட் வண்டியின் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் சொல்கிறவர் எந்த ரோட்டில் ஓட்டுகிறார் என்று கேட்க வேண்டும்.

புக் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷோரூம்களில் இரண்டு வகையையும் 'ஹைப்ரிட்' என்றே சொல்வார்கள். நியோ டிரைவ் என்பது மைல்ட் ஹைப்ரிட். சுசுகியின் 4 சிலிண்டர் எஞ்சினுக்குக் கொஞ்சம் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். தனியாகக் கரண்டில் ஒரு அடி நகராது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேறு சமாச்சாரம். டொயோட்டாவின் 1.5 லிட்டர், 3 சிலிண்டர் எஞ்சின், 92 குதிரைசக்தி. கூடவே 80 குதிரைசக்தி மோட்டார். இரண்டையும் கூட்டி 172 என்று நினைக்காதீர்கள், சேர்ந்து வருவது 116 தான். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டிலும் இதே சாமான்கள்தான்.

பல் சக்கரம் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் உள்ளே இருக்கும் கியர் செட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடுவில் ஒரு பல் சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சின்னப் பல் சக்கரங்கள், அவற்றை வளைத்து வெளியே ஒரு வளையம். சூரியன், கோள்கள் என்று பாடப் புத்தகத்தில் இருக்குமே, அந்த பிளானட்டரி கியர். கோள்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின், நடுச் சக்கரத்தில் ஒரு மோட்டார், வளையத்தின் பக்கம் வண்டிச் சக்கரத்தை ஓட்டும் பெரிய மோட்டார். கிளட்ச் கிடையாது, பெல்ட் கிடையாது, தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கூடக் கிடையாது. தேய்கிற சாமான் இத்தனை குறைவாக இருக்கும் ஒரு கியர் பாக்ஸை நான் பார்த்ததில்லை. 1997இல் முதல் பிரியஸ் வந்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. படத்தைப் பார்த்த அன்றைக்கே மனதுக்குள் வண்டியை வாங்கிவிட்டேன். வீட்டில் சொன்ன காரணம் மைலேஜ்.

பேட்டரி வெறும் 0.76 யூனிட். அயர்ன் பாக்ஸை முக்கால் மணி நேரம் வைத்தால் தீர்ந்துபோகிற கரண்ட். முழு மின்சாரக் கார்களில் 30, 40 யூனிட் இருக்கும். அதனால் "எத்தனை கிலோமீட்டர் கரண்டில் போகும்?" என்று கேட்டால் பதில் சப்பென்று இருக்கும்: ஒரு கிலோமீட்டர், ஒன்றரை. ஆனால் ஊருக்குள் ஐம்பது தடவை பிரேக் அடித்தால் ஐம்பது தடவையும் மோட்டாரே டைனமோ மாதிரி சுற்றிக் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வருகிறது. உக்கடம் மேம்பாலம் திறப்பதற்கு முன்னால், 2024 ஆகஸ்ட் வரைக்கும், ஆத்துப்பாலம் பக்கம் சாயங்காலம் இருபது நிமிஷம் ஊர்ந்துதான் வர வேண்டும். அந்த இருபது நிமிஷத்தில் பாதிக்கு மேல் எஞ்சின் தூங்கிக்கொண்டே வரும். பக்கத்தில் நிற்கும் டவுன் பஸ் உறுமலில் நம் வண்டி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. பாலம் வந்த பிறகு நேரம் மிச்சமாகிறது. மைலேஜில் பெரிய வித்தியாசம் இல்லை.

மைலேஜை மீட்டரைப் பார்த்துச் சொல்லவில்லை. டேங்க் நிரம்ப அடித்து, ஓடிய கிலோமீட்டரை தினசரி காலண்டர் கிழித்த தாளின் பின்னால் எழுதி வைக்கிறேன். மீட்டர் எப்போதும் ஒன்று, ஒன்றரை கூட்டித்தான் காட்டுகிறது. பட்டறைக்குப் போய்வரும் ஓட்டத்தில் லிட்டருக்கு 23, 24. எல்லாம் கலந்து 22. ஏட்டில் இருக்கும் 27.97ஐ நான் ஒரு டேங்கிலும் பார்த்ததில்லை. சென்னைக்கு 100, 110இல் போனால் 19 தாண்டாது. ஹைவேயில் பிரேக்குக்கு வேலை இல்லை, பிரேக் இல்லாவிட்டால் திரும்பி வரும் கரண்ட்டும் இல்லை.

இனி கணக்கு. இதே ஹைரைடரில் மைல்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக்குக்கும் இதற்கும் நான் வாங்கியபோது ஆன் ரோட்டில் சுமார் இரண்டரை லட்சம் வித்தியாசம். என் ஓட்டம் வருஷத்துக்கு 18,000 கிலோமீட்டர். மைல்ட் வைத்திருக்கும் என் நண்பருக்கு 14 கிடைக்கிறது. 22க்கும் 14க்கும் நடுவே வருஷத்துக்கு 467 லிட்டர். பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் 47,000. ஐந்து வருஷம் சொச்சத்தில் போட்ட காசு வந்துவிடும். ஹைவே மட்டும் ஓட்டுகிறவருக்கு 19க்கு 17 என்று போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 11,000 தான் மிஞ்சும். இரண்டரை லட்சம் திரும்ப 22 வருஷம் ஆகும். அதற்குள் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

போன டிசம்பரில் வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பலகை. ஐந்து பேர், ஏசி வேறு. ஆறாவது, ஏழாவது வளைவுக்குள் பேட்டரிக் கோடுகள் இரண்டுக்கு இறங்கிவிட்டன. அதற்கு மேல் எஞ்சின் மட்டும்தான். மிதித்த அளவுக்கு வேகம் வராது, சத்தம் மட்டும் வரும். மூன்று சிலிண்டரின் கரகரப்பு ஃபுட் போர்டு வரைக்கும் தெரிந்தது. "மிக்ஸியில சட்னி அரைக்கிற மாதிரி இருக்குதுங்" என்றாள் வீட்டுக்காரி. கிளட்ச், கியர் மாற்றுவது இல்லாத இந்த ஏற்பாட்டில் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறாது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தி, டேமைப் பார்த்துவிட்டு நிதானமாக ஏறினோம். அவசரப்படாமல் மிதித்தால் அந்தச் சத்தம் பாதியாகக் குறைகிறது.

இறங்கியதுதான் வேடிக்கை. கியரை 'B'யில் (இறக்கத்தில் வண்டியைப் பிடித்து இறக்கும் கியர்) போட்டால் வண்டி தானாகவே பிடித்து இறங்குகிறது, காலைப் பிரேக்கில் அதிகம் வைக்க வேண்டாம். பேட்டரி மளமளவென்று ஏறியது. பாதி மலையில் நிறைந்துவிட்டது. அப்போது திடீரென்று, நான் எதையும் மிதிக்காமலே, எஞ்சின் வீறிட்டது. ஏதோ உடைந்துவிட்டது என்று ஓரம் கட்டினேன். ஒன்றும் இல்லை: பேட்டரியில் இடம் இல்லாததால் வருகிற கரண்ட்டை எங்கேயாவது செலவழிக்க வேண்டும், அதற்காக மோட்டாரே எஞ்சினைச் சும்மா சுற்றிவிடுகிறது. பெட்ரோல் ஒரு சொட்டு எரிவதில்லை. அப்பாவிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நான் சாவிய ஆஃப் பண்ணுனா தப்பு, இது பண்ணுனா சரியா?" என்றார். பிரேக் வேலை செய்யும், ஸ்டியரிங் இறுகாது என்பதுதான் வித்தியாசம் என்றேன். அவருக்கு ஒப்பவில்லை.

டிக்கியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பேட்டரி பின்னால் தரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மைல்டில் 373 லிட்டர் இருக்கும் டிக்கி இதில் 265. எண்ணைப் படித்தால் புரியாது. எனக்கும் படித்தபோது புரியவில்லை. நான் டெஸ்ட் டிரைவ் போன அன்று ஷோரூம் வண்டியின் டிக்கியில் அவர்களுடைய அட்டைப்பெட்டிகளும் குடையும் கிடந்தன. திறந்தேன், மூடினேன். என் தப்பு.

வண்டி வந்த நான்காம் மாதம் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். ஆஸ்பத்திரி வாசலில் மடக்கும் சக்கர நாற்காலியை டிக்கியில் வைக்கப் பார்த்தேன். படுக்க வைத்தால் தரை உயரமாக இருப்பதால் கதவு மூடவில்லை. நிறுத்தினால் பெரிய சக்கரம் டிக்கிக்கு மேலே மூடியிருக்கும் பார்சல் தட்டில் இடித்தது. தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறேன், பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன். வாட்ச்மேன் வந்து, "ஒரு சீட்ட மடக்கீருங்க சார்" என்றார். மடக்கினோம். என் மகள் மீதிச் சீட்டில், மடியில் பார்சல் தட்டு, தோளுக்குப் பக்கத்தில் நாற்காலியின் ரப்பர் சக்கரம். வீடு வரைக்கும் சுடிதாரில் கறுப்புக் கோடு. அதற்கடுத்த மாதம் பெருந்துறையில் கல்யாணம்; சீர்த்தட்டுகள் மச்சான் வண்டியில் போயின. நாலு பேருக்கு மேல் இருக்கும் குடும்பம், வயதானவர்கள், சாமான் என்றால் இதை முதலில் பாருங்கள், மைலேஜை அப்புறம் பார்க்கலாம். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் திருப்பூர் வரைக்கும் தாராளமாகப் போகலாம், சேலம் என்றால் நடுவில் இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒரு முறை வண்டி கிளம்பவே இல்லை. 24 நாள் வெளியூர் போய்விட்டு வந்து பட்டனை அழுத்தினால் எதுவும் எரியவில்லை. பின்னால் அத்தனை பெரிய பேட்டரி இருந்து என்ன? அதை உசுப்புவதே ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான், அது செத்தால் எல்லாம் செத்தது. நான் வெளிக்கடையில் ஒரு டேஷ் கேமரா மாட்டியிருந்தேன். மாட்டிய பையன் வண்டி நின்றாலும் கரண்ட் இழுக்கிற மாதிரி ஒயரைக் கொடுத்திருக்கிறான். தெரு முனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தவர், "அண்ணா, ஆரஞ்சு ஒயர் ஓடுது. நான் கை வெக்க மாட்டனுங்" என்று கையைக் கட்டிக்கொண்டார். ஹை வோல்டேஜ் ஒயர் என்பதற்கு அந்த ஆரஞ்சுதான் அடையாளம். அவர் பயந்தது சரி. கம்பெனி ஆள் வந்து ஜம்ப் கொடுத்ததும் ஓடியது. கேமரா ஒயரை மாற்றிக் கொடுத்தேன், அன்றோடு அந்தத் தொல்லை இல்லை.

மற்றபடி செலவு வைக்கவில்லை. எந்த சர்வீஸும் ஏழாயிரத்தைத் தாண்டவில்லை. 30,000இல் பிரேக் பேடைப் பார்த்தவர் பாதிக்கு மேல் இருக்கிறது என்றார். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு மோட்டாருடையது. ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பதால் அதை நினைத்துத் தூக்கம் கெடவில்லை. டெலிவரி கொடுத்த ஷோரூம்தான் நாலு மாதம் என்று சொல்லி ஒன்பது மாதம் இழுத்தது. கடைசி வாரத்தில் 30,000க்கு ஆக்சசரி எடுத்தால் முன்னால் தருகிறோம் என்று ஜாடையாகக் கேட்டார்கள். எடுக்கவில்லை. வண்டி அதே வாரம் வந்தது.

மச்சான் கரூர் ரோட்டில் தினமும் 140 கிலோமீட்டர் ஓட்டுகிறவர். உனக்கு இது வேண்டாம் மாப்ளே, கணக்கு ஒத்துவராது என்று தாளில் போட்டுக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சத்தம் இல்லாம கெளம்புதுல்ல, அதுக்குத்தான் மாமா" என்றார். போன வாரம் புக் பண்ணப் போயிருக்கிறார். ஷோரூமுக்குள் போகும்போது கையில் டேப், பின்னாலேயே அக்கா பெரிய சூட்கேஸை உருட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.