ஈயமா, எத்தனாலா: பெட்ரோலில் கலக்க எது?

எஞ்சினில் டொக் டொக்கென்று கேட்கும் ‘நாக்கிங்’கை அடக்க, 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎத்தில் ஈயம் என்ற ஈயச் சேர்மம் உதவும் என்று கண்டறிந்தார். சாராயத்தில் இருக்கும் எத்தனாலும் இதே வேலையைச் செய்யும் என்பது அந்த ஆய்வகத்துக்கே தெரியும்.

ஈயம் லிட்டருக்கு ஒரு மில்லிக்கும் குறைவாகவே போதும். எத்தனால் 10 முதல் 20 சதவீதம் வேண்டும். விற்கும் ஒவ்வொரு லிட்டரிலும் அவ்வளவு பெட்ரோல் குறையும். எண்ணெய் நிறுவனங்களுக்கு அது கசக்காதா? போதாததற்கு, ஈயத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. ஊரறிந்த சாராயத்துக்கு யார் தருவார்? தொழில்நுட்பத்தைவிட இந்தக் கணக்குதான் கனத்தது.

ஈயம் ஸ்பார்க் பிளக்கிலும் வால்விலும் படியும். படியாமலிருக்க எத்திலீன் டைபுரோமைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அதனால் ஈயம் புகையோடு தெருவுக்கு வந்தது, குழந்தைகளின் ரத்தத்திலும் ஏறியது. 1924-இல் நியூஜெர்சி பேவே ஆலையில் 5 தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்தனர். 1925-இல் இதைப் பற்றிப் பேச அமெரிக்க அரசின் மாநாடு கூடியது. பிறகும் விற்பனை தொடர்ந்தது.

எத்தனாலின் குறைகள் வேறு. லிட்டருக்கு ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய ரப்பர் குழாய்கள் உப்பி விரிசல் விடும். 10 சதவீதக் கலவையில் அரை சதவீதத் தண்ணீர் சேர்ந்தாலே எத்தனால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், வண்டி நின்றுவிடும். இவையெல்லாம் குழாயை மாற்றி, டேங்கை வடித்துச் சரிசெய்யக்கூடியவை. குழந்தையின் மூளையில் ஏறிய ஈயம் அப்படியல்ல.

ஈய பெட்ரோலை இந்தியா 2000-இல் நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல்.