பழைய மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்

செயலி ஒன்றில் பழைய மேக்ரோ லென்ஸ் வாங்கி ஏமாந்தேன். அதற்கு நான் கொடுத்த புகாரை முடித்துவிட்டதாக நேற்று இரவு மின்னஞ்சல் வந்தது. கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், தணிவதாக இல்லை. இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. குதிக்கும் சிலந்திகளைப் படமெடுக்கிறவர்கள், எடுக்க ஆசைப்பட்டுக் காசு சேர்க்கிறவர்கள் வேறு யாரும் இப்படி மாட்டக்கூடாது. வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தேடிக்கொண்டிருந்தது கேனானின் எம்பி-ஈ 65 என்ற மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருள்களை மிக அருகில் படமெடுக்கும் லென்ஸ். இந்தச் சிலந்திகளின் பின்னால் அலைகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சாதாரண மேக்ரோ லென்ஸ் 1:1 வரைதான் போகும். ஐந்து மில்லிமீட்டர் சிலந்தி, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் ஐந்து மில்லிமீட்டராகவே விழும். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். படத்தில் ஏழில் ஒரு பங்குகூட நிறையாது, மீதியெல்லாம் இலைதான். முகத்தை மட்டும் எடுக்க நினைத்தால் கேட்கவே வேண்டாம். எம்பி-ஈ 1 மடங்கில் தொடங்கி 5 மடங்கு வரை பெரிதாக்கும். 1999-இல் வந்தது, இப்போது தயாரிப்பில் இல்லை. பழையது எப்போதாவது விற்பனைக்கு வந்தால்தான் உண்டு.

பழைய பொருள்களை வாங்க விற்க உதவும் ஒரு செயலியில் அது வந்தது. "பூஞ்சை இல்லை, கீறல் இல்லை, புதிது போல இருக்கிறது" என்று போட்டிருந்தார்கள். நான் உடனே பணம் அனுப்பிவிடவில்லை. விற்கிறவரிடம் நிறையப் பேசினேன். அப்படிப் பேசியதில்தான் நம்பிக்கையே வந்தது.

குதிக்கும் சிலந்தியின் முன்பக்கம் இருக்கும் இரண்டு பெரிய கண்களைப் பற்றி அவர் சொன்னார். "கண்ணின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் சார், கவனித்திருக்கிறீர்களா? நன்றாகக் கறுத்து வரும் வரை காத்திருந்து அழுத்துங்கள். அப்போதுதான் அது நேராக உங்களைப் பார்க்கிறது" என்றார். முழுக்க உண்மை. அந்தக் கண்கள் உள்ளே நீளமான குழாய் மாதிரி இருக்கும். வெளியே இருக்கும் வில்லை அசையாது, உள்ளே விழித்திரைதான் நகரும். அது நம் பக்கம் திரும்பும்போது கண் கறுப்பாகத் தெரியும், வேறு எங்காவது திரும்பினால் நிறம் வெளுக்கும். சிலந்தி முன்னால் மணிக்கணக்கில் மண்டியிட்டவருக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று நினைத்தேன். சக பைத்தியம் ஒருவர் என்று மனம் நெகிழ்ந்துபோனது. அந்த லென்ஸில் எடுத்தது என்று ஒரு படமும் அனுப்பினார். முகத்தின் ஒவ்வொரு மயிரும் எண்ணும்படி இருந்தது. வெளிச்சத்தை மென்மையாக்க, தானே செய்த டிஃப்யூசரை ஃபிளாஷில் மாட்டி எடுத்தாராம். இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

லென்ஸ் வந்தது. கேமராவில் மாட்டி வ்யூஃபைண்டரில் பார்த்தால் எல்லாம் அருமை. அப்பெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, சுருக்கி எஃப்/8 வைத்து முதல் படம் எடுத்ததும் திரையில் பிழைச் செய்தி. எஃப்/11, அதே கதை. துவாரம் முழுதாகத் திறந்திருக்கும் எஃப்/2.8-இல் மட்டும் வேலை செய்தது. விஷயம் இதுதான்: இந்த லென்ஸின் அப்பெர்ச்சர் படம் எடுக்கும் நொடியில்தான் மூடும். அதுவரை முழுதாகத் திறந்தே இருக்கும். உள்ளே அதை மூடும் பிளேடுகள் செத்துக் கிடந்தாலும் பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து நடுவரைக்கும் ஓடியிருந்தன. பூஞ்சை. ஃபிளாஷ் வெளிச்சம் பக்கவாட்டில் பட்டதும் படம் முழுக்கப் புகை படிந்தாற்போல ஆனது. நல்ல கறுப்புச் சிலந்தி சாம்பல் நிறத்தில் வந்தது.

விற்றவரைக் கேட்டேன். முதல் பதில், "உங்கள் கேமராவில்தான் கோளாறு, லென்ஸின் மின்தொடர்புப் பின்களை அழிப்பானால் துடையுங்கள்." துடைத்தேன், மாற்றமில்லை. அடுத்தது, "கூரியரில் அடிபட்டிருக்கும்." கூரியரில் அடிபட்டால் பூஞ்சை வளருமா? அதற்குப் பதிலே இல்லை. மூன்றாவதாக அந்த ஆள் சொன்னதுதான் என்னால் தாங்கவே முடியாதது. "எஃப்/2.8-இலேயே ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் பண்ணிக்கொள்ளுங்கள். சிலந்தியைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது." எஃப்/2.8-இல், 2 மடங்கில், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 0.13 மில்லிமீட்டர். முன்கண்ணிலிருந்து பக்கத்துக் கண்கள் வரை கொண்டுவரவே கத்தையாகப் படங்கள் வேண்டும். உயிரோடு இருக்கும் சிலந்தி அதுவரை தலையைத் திருப்பாமலா இருக்கும்? அதற்காக அதைக் குளிரில் விறைக்க வைக்க நான் தயாரில்லை. எனக்கு வேண்டியது அது நிமிர்ந்து என்னைப் பார்க்கும் அந்தப் பார்வைதான்.

அதற்குப் பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார். எனக்கு அனுப்பிய படத்தின் பெரிய பிரதியை வேறொருவருடைய பக்கத்தில் பிறகு கண்டுபிடித்தேன். அதில் சிலந்தியின் கண்ணுக்குள் தெரிந்த பிரதிபலிப்பு, வட்டமாக அடுக்கிய சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். எல்இடி ரிங் லைட். டிஃப்யூசர் போட்ட ஃபிளாஷ் என்றால் மென்மையான ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்திருக்கும். படமும் திருட்டு, கதையும் திருட்டு.

செயலியின் வாடிக்கையாளர் சேவை இதைவிட மோசம். பொருள் கைக்கு வந்து இரண்டு நாள் வரை பணம் அவர்களிடம்தான் இருக்கும் என்பது அவர்கள் விதி. நான் அன்றிரவே புகார் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்த வீடியோ கேட்டார்கள், கொடுத்தேன். வரிசை எண் தெரியும் படம் கேட்டார்கள், கொடுத்தேன். சோதனைக்கு எடுத்த படம் கேட்டார்கள். எஃப்/2.8-இல் எடுத்ததை அனுப்பினேன், அதில்தானே எடுக்க முடியும்! "படத்தில் கண் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்று பதில் வந்தது. ஒரு கண் தெளிவு, முகத்தில் மீதி எல்லாம் மங்கல் என்று அம்புக்குறி போட்டு விளக்கினேன். பழுது பார்ப்பவரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அதையும் வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் அவகாசம் முடிந்து பணம் விற்றவருக்குப் போய்விட்டதாம். பூஞ்சை "பழைய பொருளில் இயல்பான தேய்மானம்" என்று முடித்துவிட்டார்கள். "பூஞ்சை இல்லை" என்று அவர்கள் செயலியிலேயே எழுதியிருந்ததற்கு யார் பொறுப்பு? இரண்டு மாதச் சம்பளம் அவர்களுக்குத் தேய்மானம்.

பழுது பார்ப்பவர் நல்ல மனிதர். பூஞ்சையைச் சுத்தம் செய்து பார்க்கலாம், கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது, அப்பெர்ச்சருக்கு உதிரி பாகம் கிடைத்தால்தான் உண்டு என்று நேராகச் சொன்னார்.

விரிவாக ஆலோசனை எழுத இப்போது பொறுமை இல்லை. இவ்வளவாவது செய்யுங்கள். பணம் அனுப்பும் முன் நேரலை வீடியோ கேளுங்கள். அதில் டார்ச்சை லென்ஸுக்குள் பின்னாலிருந்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கேமராவில் மாட்டி, படம் எடுக்காமலே அப்பெர்ச்சரை மூடிக் காட்டும் டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்தி பிளேடுகள் மூடுவதையும் காட்டச் சொல்லுங்கள். எஃப்/8-இல் எடுத்த ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பு, கேளுங்கள், செயலியில் சுருங்கி வரும் படம் வேண்டாம். தயங்கினால் விட்டுவிடுங்கள். 1:1 லென்ஸ் ஏற்கெனவே இருந்தால் முதலில் ரேனாக்ஸ் டிசிஆர்-250 மாதிரி முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான சிலந்தி முகங்களுக்கு அதுவே போதும். அந்த வரிசை எண் கொண்ட லென்ஸ் மறுபடியும் விற்பனைக்கு வர நான் விடமாட்டேன். வாங்குவதாக இருப்பவர்கள் கேளுங்கள், எண்ணைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.