முன்பல் அழகுக்கு காம்போசிட்டா, பீங்கான் வெனீரா?

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டி, ஓசூர் சாலைப் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு முன்பல்லில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கும். பேஸ்ட் மாற்றினால் போகிற கறை இல்லை அது. சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு, ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலைப் பாதித்துவிட்டது. அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது. போட்டோவுக்கு வாயைத் திறக்காமல் சிரித்துப் பழகியவர்கள், கையில் சம்பளம் வந்ததும் பல் டாக்டரைத் தேடுகிறார்கள். முனை உடைந்த பல், நடுவில் சந்து என்று வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் எல்லோர் முன்னாலும் வைக்கப்படுவது இரண்டு வழிகள்: பல் நிறப் பிசினைப் பல்லின் மேலேயே ஒட்டி வடிவமைக்கும் காம்போசிட் பாண்டிங், பீங்கான் வெனீர்.

பல்லும் ஈறும் ஆரோக்கியமாக இருக்கிற இளவயதுக்காரர் முதலில் காம்போசிட்டைத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம், எனாமல். ஒருமுறை தேய்த்துவிட்டால் அது திரும்ப வளராது. பீங்கான் வெனீர் என்பது லேபில் செய்து ஒட்டும் மெல்லிய ஓடு. அது உட்காரப் பொதுவாகப் பல்லின் முன்பக்கத்தில் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை தேய்க்க வேண்டியிருக்கும். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் முன்பல்லின் எனாமலே மொத்தம் 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், ஈறு ஓரத்தில் அதிலும் குறைவு. இருபத்தைந்து வயதில் தேய்த்த பல்லுக்கு ஆயுள் முழுக்க மேலே ஏதாவது ஒன்று ஒட்டியபடியே இருக்க வேண்டும். காம்போசிட்டில் பல் இடைவெளியை அடைக்கவோ முனையைக் கட்டவோ பல நேரம் தேய்க்கவே வேண்டாம், அல்லது ஓரத்தை லேசாகச் சரித்தால் போதும்.

நல்ல டாக்டர் இதை எப்படிச் செய்கிறார் என்று கவனித்தால் கைவேலை தெரியும். பல் ஈரமாக இருக்கும்போதே நிறம் பார்ப்பார். காய்ந்தால் பல் வெளுத்துக் காட்டும், ஷேடு தப்பிவிடும். ரப்பர் ஷீட் போட்டு எச்சிலைத் தடுத்தபின் நீல நிற ஆசிட் ஜெல்லைத் தடவுவார். அரை நிமிடத்துக்குள் கழுவி உலர்த்தினால் அந்த இடம் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரியும். அந்த நுண்துளைகளில்தான் பசை பிடிக்கிறது. 1955-இல் புவோனோகோர் என்ற பல் மருத்துவர் சொன்ன முறை இது. உலோகத்தில் பெயின்ட் ஒட்டுவதற்கு ஃபாஸ்பாரிக் ஆசிட் பயன்படுத்துவதைப் பார்த்துப் பல்லிலும் முயன்றார். பிறகு காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல விளக்கில் இறுக்கி, கடைசியில் டிஸ்க்கால் பாலிஷ். பாலிஷில் அவசரப்பட்டால் சில மாதத்திலேயே கறை ஏறும்.

கறைதான் காம்போசிட்டின் பலவீனம். மஞ்சள் போட்ட குழம்பு, காபி, டீ, வெற்றிலை, சிகரெட் எல்லாம் அதில் படியும். பீங்கானில் அவ்வளவு படியாது. சுமாராக ஐந்து முதல் ஏழு வருடத்தில் காம்போசிட்டைப் புதுப்பிக்க வேண்டி வரலாம். பீங்கான் பத்துப் பதினைந்து வருடம் தாங்கும். ஆனால் காம்போசிட்டின் முனை உடைந்தால் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டு வரலாம். பீங்கான் உடைந்தால் பெரும்பாலும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு பல்லுக்கான செலவும் பல மடங்கு கூடும்.

பீங்கான் ஜெயிக்கிற இடமும் உண்டு. ஃபுளோரைடு கறை அடர்பழுப்பாக ஆறு பல்லிலும் பரவியிருந்தால், அதை மறைக்கும் கனத்தில் காம்போசிட் வைத்தால் பல் தடித்து, உயிரில்லாமல் தெரியும். போதாததற்கு, அந்த எனாமலில் ஆசிட் எளிதில் ஏறாது. பசை பிடிப்பதும் சிரமம். ஆனாலும் நேராகப் பீங்கானுக்குப் போக வேண்டியதில்லை. மேற்பரப்பை லேசாகச் சுரண்டும் மைக்ரோ அப்ரேஷன், பிறகு பிளீச்சிங் என்று பார்த்தாலே பாதிப் பேருக்குப் பழுப்பு நன்றாக மங்கும் என்று நான் நம்புகிறேன். என் அக்கா மகளுக்கு அப்படித்தான் ஆனது. மிச்சமிருந்த இரண்டு பல்லுக்கு மட்டும் பாண்டிங் செய்தார்கள். வரிசை முக்கியம்: பிளீச்சிங் முதலில், இரண்டு வாரம் இடைவெளி, அப்புறம்தான் பாண்டிங். பிளீச் செய்த உடனே ஒட்டினால் பிடிப்பு குறையும். காம்போசிட் வைத்தபின் பிளீச் செய்தால் பல் மட்டும் வெளுக்கும், காம்போசிட் பழைய நிறத்திலேயே நிற்கும்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இரண்டுமே சீக்கிரம் உடையும். தூங்கும்போது பல்லில் மாட்டும் நைட் கார்டு உறை இல்லாமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். பல் கோணலாக இருந்தால் முதலில் க்ளிப்போ, கழற்றி மாட்டும் அலைனரோ போட்டு நேராக்கிக்கொள்வது நல்லது.

பணம் இடித்தால் பெங்களூரு விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். தனியார் கிளினிக்கில் 'ஒரே நாளில் ஸ்மைல் மேக்கோவர்' என்றால் நிதானம் தேவை. வெனீர் என்று பேசிவிட்டுச் சுற்றிலும் தேய்த்து, பல்லை முழுதாக மூடும் கேப் மாட்டுவது நடக்கிறது. கேப்புக்குப் பல்லின் பாதிக்கு மேல் போய்விடும். நல்ல பல்லுக்கு அதைச் செய்ய விடாதீர்கள்.

"டாக்டர், எவ்வளவு தேய்ப்பீங்க? எந்தப் பக்கம்?" என்று நேராகவே கேளுங்கள். ஆசிட் வைக்காமல் காம்போசிட்டை மட்டும் பல்லில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அது ஒட்டாது, நகத்தால் தட்டினால் வந்துவிடும். கண்ணாடியில் பார்த்து, பேசிப் பார்த்து, ஸ, ஃப எல்லாம் சரியாக வருகிறதா என்று சொல்லிப் பார்த்து, வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று எழுந்து வரலாம்.