வரிக் குறைப்பா, அரசுச் செலவா?

மந்தமான பொருளாதாரத்தை எழுப்ப அரசு வரியைக் குறைக்கலாம், அல்லது தானே செலவழிக்கலாம்.

2025 பட்ஜெட்டின்படி, புதிய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான சம்பள வருமானத்துக்கு வரி இல்லை. நாகர்கோவிலில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கு அது உடனடி ஆறுதல். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவரும் முந்திரி ஆலையில் ஓடு உடைக்கும் பெண்ணும் வருமான வரி வரம்புக்குள் வருவதே இல்லை. அவர்கள் கட்டுவது சோப்பிலும் பிஸ்கட்டிலும் மறைந்திருக்கும் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் அது 18 சதவீதத்திலிருந்து 5 ஆனதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அரசு சாலை போட்டால் கூலி அன்றே டீக்கடைக்கும் மளிகைக்கும் போய், ஊருக்குள் கைமாறுகிறது. வரியில் மிஞ்சிய பணத்திலோ ஒரு பகுதி வங்கியில் தங்கிவிடும். மேலும், செலவு எதையாவது விட்டுச் செல்கிறது: குமரி மாவட்டத்தில் 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம், பாசனத் தண்ணீரைக் கொண்டுசெல்வதற்காக எழுந்தது. நிலமெடுப்பு, டெண்டர் என்று ஆண்டுகள் ஓடுவதுதான் குறை. கடன் வாங்கிச் செலவழித்தால் வட்டியும் சேரும். விலைவாசி ஏறும் காலத்தில் வரிக் குறைப்பு, அரசுச் செலவு இரண்டுமே ஆபத்து. வேலையில்லாமல் கைகள் காத்திருக்கும்போது, நான் செலவின் பக்கம்.